சுறா அப்படி வராது

மறைக்காதீங்க தம்பி, பாருங்க. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். சுறாப் படம்தான? போனை அந்தப் பக்கம் திருப்பினா என்ன, ஜன்னல் கண்ணாடியில தெரியுதுல்லா. தண்ணி நிறத்தப் பாத்தே நான் சொல்லிருவேன். ஒரு சீன்ல நீலமா இருக்கும், அடுத்த சீன்ல பச்சையா இருக்கும், அதுக்கு அடுத்ததுல குளத்துத் தண்ணி மாதிரி கலங்கிக் கிடக்கும். கேட்டா ஒரே கடல்னு சொல்லுவாவ. எந்த ஊர்க் கடலோ.

நீங்க எங்க, நாகர்கோவிலா? அப்ப கடைசி வரைக்கும் போறிய. நான் உவரியில இறங்கணும். படத்த நிறுத்த வேண்டாம், ஓடட்டும், சத்தத்த மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கிடுங்க. எனக்கு அந்தச் சத்தம் கேட்டா எரிச்சலா வருது. சுறா உறுமுது பாருங்க. புலியா அது? சுறாவுக்குத் தொண்டையில சத்தமே கிடையாது தம்பி. நான் எத்தன சுறாவப் பிடிச்சிருப்பேன், ஒண்ணாவது என்னைப் பாத்து உறுமியிருக்குமா?

இதைச் சொன்னதுக்குத்தான் எம் பொஞ்சாதி கோவிச்சுக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. உவரியில இருக்கா. அவளக் கூட்டியாரத்தான், வாரேன்னு போன்ல சொல்லிட்டு இந்தப் பஸ்ல உக்காந்திருக்கேன். சிரிக்காதிய. எங்க தெருவுல யார்ட்டயும் சொல்லல, அந்தோணியாருக்கு நேர்ச்சை, அதுக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். சுறாப் படத்தால பொண்டாட்டி போயிட்டான்னு தூத்துக்குடியில எவன்ட்ட சொல்ல முடியும்?

எங்க தெருவுலயும் எல்லாரும் பாப்பாவ, ஒருத்தரும் ஒத்துக்கிட மாட்டாவ. ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியில தமிழ்ல பேச வச்சுப் போடுவாம்லா, அந்நேரம் தெருவுல நடந்து பாருங்க. எல்லா வீட்டுக் கதவும் சாத்திக் கிடக்கும், எல்லா வீட்டுக்குள்ளயிருந்தும் ஒரே ஆளு கத்துற சத்தம் வரும். சாயங்காலம் கேட்டா, அசந்து தூங்கிட்டோம்பாவ. எங்க கோயில்ல தெருவுக்குத் தெரு அன்பியம்னு ஒரு செபக்கூட்டம் உண்டு, எங்க அன்பியத்துக்கு ஞானசௌந்தரின்னு ஒரு அம்மா தலைவி. ஒருநாள் படம் நல்ல சூடா ஓடிக்கிட்டு இருக்கும்போது கதவத் தட்டிட்டாவ. இவ படக்குன்னு செபமாலை ஓடுற சேனலுக்கு மாத்திட்டா. அந்த அம்மா உள்ள வந்து உக்காந்து, பக்தியா ரெண்டு அருள்நிறைந்த மரியே சொன்னாவ. சொல்லிட்டு மெதுவா இவ காதுல கேக்குதாவ, அந்த மஞ்சச் சட்டைக்காரனச் சுறா தின்னுட்டுதான்னு.

அவளுக்கு இந்தக் கிறுக்கு ரொம்ப முத்திப்போச்சு, பாத்துக்கிடுங்க. அமலோற்பவம்னு பேரு. பேருக்கு ஏத்த மாதிரி அமைதியான பொம்பளதான். சீரியல்கூட ஒழுங்காப் பாக்கமாட்டா, நடுவுல எந்திரிச்சுத் துணி மடிக்கப் போயிருவா. சுறாப் படம்னா மட்டும் ஞாயித்துக்கிழமை பூசையில இருந்து வேகவேகமா வருவா, சோத்த இறக்குவா, கதவச் சாத்துவா, ஜன்னலுக்குத் திரையப் போடுவா. அதுல வாற பொம்பளப் பிள்ளைங்க உடுப்பு உங்களுக்குத் தெரியும், நான் சொல்லண்டாம். அதுக தண்ணியில இறங்குறப்பல்லாம் இவ கை வந்து என் கண்ண மூடும். வயசு இவ்வளவு ஆச்சு, இன்னும் கண்ண மூடுதா. நான் என்ன அதையா பாக்கேன்?

இதுல வேடிக்கை என்னன்னா, மடியில தட்டு இருக்கும். அவிச்ச சுறாவத் தோல் உரிச்சு, புட்டுக்கு உதுத்துக்கிட்டே பாப்பா. அங்க சுறா ஆளத் தின்னும், இங்க இவ சுறாவ உதுப்பா. அடுத்து யாரத் தின்னும்னு இவ முன்கூட்டியே சொல்லிருவா. சுறாவே கிடையாது, எல்லாரும் குளிக்கலாம்னு ஒரு பெரிய மனுசன் மைக்கப் பிடிச்சுப் பேசுவாம்லா, 'இவனுக்கு நேரம் வந்துட்டு'ம்பா. சரியா இருக்கும். விழுந்து விழுந்து சிரிப்பா. தண்ணியில ஆளு கால உதறிக்கிட்டு சாவான், இவ கண்ணுல தண்ணி வார அளவுக்குச் சிரிப்பா.

நானா? எனக்கு அதுல ஒரு ஈடுபாடும் கிடையாது. தப்பச் சொல்லத்தான் பக்கத்துல உக்காருவேன். நான் ஐஸ் கம்பெனியில இருக்கேன். எங்க சங்கக் கூட்டத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் வச்சானுவ, என்னால வரமுடியாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். நான் கூட்டத்துக்குப் போயிட்டா இங்க தப்ப யாரு சொல்லுவா? ஒரு படத்துல ஆஸ்பத்திரித் தண்ணித் தொட்டிக்குள்ள சுறா வருது. உப்புத்தண்ணி மீனு தம்பி அது. இன்னொண்ணுல சுறா வண்டி மாதிரி ரிவர்ஸ் எடுக்குது. சுறா பின்னால போகாது, அதுக்கு அந்த அமைப்பு கிடையாது. ரப்பர்ல செஞ்சு தள்ளிவிடுதான், வயிறு மடங்குது. ஒருதடவ கயிறே தெரிஞ்சுது. 'ஏளா, அங்க பாரு, கயிறு தெரியுது, கட்டி இழுக்கான்'னேன். கோபப்படுவான்னு பாத்தா, 'ஆமா, தெரியுது'ன்னு அவளுக்கு அவ்வளவு சந்தோசம். அடுத்த வாரம் நான் வாயத் திறக்குறதுக்கு முன்னாலயே கேக்குதா, 'இன்னைக்குக் கயிறு எங்க இருக்கு, சொல்லுங்க'ன்னு. படத்துல உள்ள பொய்ய எடுத்துக் காட்டினா மனுசருக்கு அலுப்பு வரணும்லா? இவளுக்கு ஆசை கூடுது.

கடல்ல தொழில் பாத்தவன் பொண்டாட்டி இப்படிப் பாக்கலாமா? நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு ரோடுதான். அந்த ரோட்டுல அவ நடக்கமாட்டா. கோயிலுக்குக்கூடப் பின்தெரு வழியாச் சுத்தித்தான் போவா. நெசக் கடல ஏறெடுத்துப் பாக்க மாட்டாளாம், டிவிக் கடல வச்ச கண்ணு வாங்காமப் பாப்பாளாம். ஒருநாள் ஞானசௌந்தரி அம்மா இதையே கேட்டாவ. அதுக்கு அவ சொன்னதக் கேளுங்க. 'இதுல யாரும் நெசமாச் சாகலல்லாக்கா. படம் எடுத்து முடிஞ்சதும் எல்லாரும் தலையத் துவட்டிக்கிட்டு சாப்பிடப் போயிருப்பாவ.' என்ன பேச்சு இது? சாகலன்னு தெரியும்னா பிறகு எதுக்குப் பாக்கணும்? எனக்கு விளங்கவே இல்ல.

எப்பயிருந்துன்னா கேக்கிய? நான் கடல்த் தொழில விட்ட பிறகுதான். முன்னால இப்படி இல்ல. நான் கொச்சிப் பக்கம் பெரிய மீன்பிடிப் போட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தேன், தங்கல் தொழிலு. போனா வாரக்கணக்குல கடல்லயே கிடக்கணும். பெரிய புயல் அடிச்ச வருசம் போட்டு கவுந்துட்டு. நானும் இவ தம்பி கஸ்பாரும் ஒண்ணாப் போனோம். நான் திரும்பி வந்தேன், அவன் வரல. அதோட விட்டுட்டேன்.

அவன் கேபினுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்தான், போட்டு புரண்டது, ஒண்ணும் தெரியாமப் போயிட்டான்னு நான் அவட்ட சொன்னேன். கரையில வந்து இறங்கினதும் அவ கேட்ட முதல் வார்த்தைக்கு அதத்தான் சொன்னேன். அவ மண்டியிட்டா. நாங்க சூசையப்பர்ட்ட தினமும் நன்மரணத்துக்கு வேண்டுறது உண்டு, பயமில்லாம வலியில்லாம ஒரு சாவு வேணும்னு. 'என் தம்பிக்கு நன்மரணம் கிடைச்சுது'ன்னு சொல்லி நன்றிப் பூசை வச்சா. உடம்பு கிடைக்கல. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறையில மெழுகுதிரி கொளுத்துவாவ, இவ நடுவுல நிக்கிற பெரிய சிலுவைக்குக் கீழ கொளுத்துவா. கடல்ல போனவங்களுக்கு அங்கதான். பக்கத்துல நிக்கிற பொம்பளைங்க அழுவாவ. இவதான் அவங்களத் தேத்துவா. 'எந்தம்பி தூக்கத்துல போனான், அழுறதுக்கு ஒண்ணுமில்ல'ம்பா.

அது பாட்டுக்கு நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தது. இந்தப் பாழாப்போன படம் வந்துதான் கெடுத்துது.

இப்ப கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை. அந்தப் படத்துலயும் ஒரு போட்டு கவுந்துட்டு. ஒரு அக்காவும் தம்பியும் ஒரு பலகையப் பிடிச்சுக்கிட்டு மிதக்காவ. வழக்கமா இந்நேரம் இவ ஆரம்பிச்சிருப்பா, யாரு முதல்ல போவான்னு. அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. நான் அதக் கவனிக்கல. எனக்கு அந்தச் சுறாவப் பாத்துதான் ஆத்திரம். எட்டத்துல இருந்தே முதுகுத்துடுப்பத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு வருது, மோட்டார் வச்ச மாதிரி. பிறகு வாயத் திறந்து உறுமிக்கிட்டு மேல பாயுது. அந்தத் தம்பிக்காரன் அய்யோ அய்யோன்னு கத்துதான். எனக்குப் பொறுக்கல தம்பி. இவ்வளவு பொய்யா எடுப்பான் ஒருத்தன்?

நான் சொன்னேன், 'சுறா அப்படி வராதுளா. சத்தமே இருக்காது. வந்ததே தெரியாது. முதல்ல கால்ல வந்து லேசா உரசும், அவ்வளவுதான். ஏதோ துணி பட்ட மாதிரி இருக்கும். கஸ்பார் கால்ல உரசினப்பகூட, வலை அத்தான், வலை சுத்துதுன்னுதான் சொன்னான்.'

சொல்லிட்டு நான் பாட்டுக்குப் படத்தப் பாக்கேன். உரசிட்டுத் தள்ளிப் போகும், பிறகு சுத்தி வரும், அவசரமே படாதுன்னு அடுத்ததையும் சொல்லிக்கிட்டு இருக்கேன். இவ சத்தத்தக் குறைச்சா. நான் அப்பவும் நினைச்சேன், நம்ம சொல்லுறதக் கேக்கத்தான் குறைக்கான்னு.

'கஸ்பார் தூங்கிக்கிட்டு இருந்தான்னு சொன்னிய'ன்னா.

வாயில இருந்து விழுந்தத எடுத்து உள்ள போட முடியுமா? எம்மேல தப்பு இல்ல, பாத்துக்கிடுங்க. படத்துல தப்பா காட்டுனான், நான் சரியானதச் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. அவ தட்டக் கீழ வச்சா. கைய முந்தானையில துடைச்சா. எவ்வளவு நேரம் உயிரோட இருந்தான்னு கேட்டா. காலையில கவுந்தது, வெயிலு உச்சிக்கு வார வரைக்கும் பக்கத்துலதான் இருந்தான்னு சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே காலி டீசல் கேனப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தோம்னு சொன்னேன். அவ அழல. அழுதிருந்தா எனக்கு ஏதாவது செய்யத் தோணியிருக்கும். எந்திரிச்சுப் போய் தட்டுல இருந்த சுறாவப் பூராத்தையும் பூனைக்குப் போட்டா. மறுநாள் காலையில பைய எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டா.

நானும் எத்தன வாட்டி போன் போடுறது? எடுத்தா ஒண்ணும் பேசமாட்டா, மூச்சு மட்டும் கேக்கும். படத்துக்கு நடுவுல பேசி உயிர வாங்குனேன்னு கோவமா இருக்கும்னு நினைச்சேன். எல்லாப் பொம்பளைங்களுக்கும் அது உண்டுல்லா. அதனால நானே இறங்கிவந்து போன்ல சொன்னேன், 'இந்தா பாரு, இனிமே படம் ஓடும்போது நான் வாயே திறக்கமாட்டேன், கயிறு தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன், வந்துரு'ன்னு. அப்பதான் வாயத் திறந்தா. 'வாயத் திறந்துதான் சொல்லணும்'னா. 'அவன் கடைசியா என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும். அதச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க.' வச்சுட்டா.

இது என்ன நியாயம்? பேசினதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போறா. பேசமாட்டேன்னா பேசுன்னுதா. எனக்குத் தலைய எங்கயாவது முட்டிக்கிடலாம் போல இருக்கு. வீட்டுல ஒரு வாய் காப்பி கிடையாது. போன ஞாயித்துக்கிழமை அந்த நேரத்துக்கு டிவியப் போட்டேன், ஓடுது. சுறா வருது, தப்புத் தப்பா வருது, நான் 'இங்க பாரு'ன்னு திரும்புதேன், யாரு இருக்கா? ரெண்டு நிமிசத்துல நிறுத்திட்டேன். அவ இல்லாம எனக்கு அந்த வீடு பிடிக்கல தம்பி. அதுதான் உண்மை.

ஞானசௌந்தரி அம்மாட்ட மட்டும் விசயத்தச் சொன்னேன். அவங்க ஒரு யோசனை சொன்னாவ. 'ஏசு மரி சூசைன்னு சொல்லிக்கிட்டே போனான்னு சொல்லிருங்க அண்ணாச்சி, அவளுக்கு மனசு ஆறிரும்'னு. நல்ல யோசனைதான். ஆனா இன்னொரு படம் ஓடும், நான் பக்கத்துல உக்காந்திருப்பேன், என்னத்தையாவது சொல்லித் தொலைப்பேன். என் வாய எனக்குத் தெரியும்லா.

என்ன சொன்னான்னா கேக்கிய? நீங்களுமா? சரி, நாகர்கோவில் போற ஆளு, உங்களுக்கும் எங்களுக்கும் என்ன இருக்கு, சொல்லுதேன்.

கால்ல பட்டது வலை இல்லன்னு கொஞ்ச நேரத்துல அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு. அந்தப் படத்துல மாதிரி கத்தவெல்லாம் இல்ல. பல்லு கிடுகிடுன்னு அடிச்சுது, அவ்வளவுதான். பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். 'அத்தான், நீங்க கரையேறிருவிய. அக்கா கேட்டா, நான் கேபின்ல தூங்கிக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் தெரியாமப் போயிட்டேன்னு சொல்லிருங்க. பயந்தேன்னு சொல்லிராதிய'ன்னான். என் கண்ணு பூரா உப்பு. துடைச்சுட்டுப் பாக்கேன், கேனுல என் கை மட்டும் இருக்கு. சுறா இழுத்துதா, அவன் கைதான் மரத்துப்போய் விட்டுட்டானா, எனக்குத் தெரியாது. தெரியாதத நான் சொல்லமாட்டேன்.

அந்தப் பொய் என் பொய்யே இல்ல தம்பி. அவன் சொல்லிக் குடுத்தது. நான் ஒரு வார்த்த கூட்டல குறைக்கல, அப்படியே கொண்டுவந்து அவட்ட சேத்தேன். அவ என்ன கேக்குதாளோ அதத்தான் அன்னைக்கே கரையில வச்சுச் சொன்னேன். இப்ப மறுபடியும் கேக்குதா. அவன் கடைசியா பேசின பேச்சே அவட்ட சொல்லிராதியங்கிறதுதான். அத எப்படி அவ முகத்தப் பாத்துச் சொல்லுவேன்? சொல்லாட்டி எப்படி அவளக் கூட்டிக்கிட்டு வருவேன்?

இந்தா, கோயில் கோபுரம் தெரியுது. உவரி வந்துட்டு. கொஞ்சம் கால ஒதுக்குங்க தம்பி, இறங்கிக்கிடுதேன். அவ அக்கா வீடு கடக்கரைப் பக்கம், நல்ல நடை. நடந்து போறதுக்குள்ள ஏதாவது ஒரு வழி யோசிச்சுக்கிடலாம்னுதான் இருந்தேன்.

அந்தா, அவளே பஸ் ஸ்டாப்ல வந்து நிக்கா.